கழுவாமல் சலித்த மண்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது நான் பாதியிலேயே வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து உங்கள் லேப்பில் இருந்து போகிற எல்லா ரிப்போர்ட்டிலும் உன் கையெழுத்துதான் இருக்கும் என்று சொன்னாய். அதைக் கேட்டதும் மனசு நிறைந்துபோய், உன் அப்பாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் நீ சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். ஒரு கிராவல் சாம்பிளைச் சலித்து முடித்துக் கூட்டிப் பார்த்தால் மொத்த எடை இடித்தது, திரும்பச் சலிக்க நேரமில்லை, குறைந்த எடையை அடித்தட்டுக் கணக்கில் சேர்த்து நூறாக்கி அனுப்பிவிட்டேன் என்றாய். "எல்லாம் நீ கத்துக் குடுத்ததுதாம்மா" என்றாய். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாய். போனில் பதில் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது, நடுவில் நீ "பரவால்ல வுடும்மா" என்று சொல்லி என்னைத் தப்பிக்கவிட முடியாது.

நீ இடுப்பில் இருந்தபோது நான் இங்கே இன்ஜினியர் சார் லேப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். கள்ளக்குறிச்சியில் அப்போது மண் பரிசோதனை என்றால் உரம் போட எழுதித் தருவது என்றுதான் ஊரில் நினைத்தார்கள். உன் பெரியம்மாகூட, தன் வயலுக்கு யூரியா எவ்வளவு போடலாம் என்று என்னிடம் கேட்டாள். ரோட்டுக்கும் கட்டடத்துக்கும் வருகிற மண்ணையும் ஜல்லியையும் சலித்து, எந்தப் பருமனில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதுவதுதான் வேலை என்று சொன்னால் சிரித்தார்கள். மாவு சலிக்கிற பெண்ணுக்கு மண் சலிக்கச் சம்பளமா என்று உன் அப்பாவும் சேர்ந்து கேலி பண்ணினார். மேசை துடைக்கப் போனவள்தான் நான். இரண்டு வருஷத்தில் சல்லடை என் கைக்கு வந்தது. பிறகு கணக்கும் வந்தது, கிராஃப் போடுவதும் வந்தது. கடைசியில் இன்ஜினியர் சார் கையெழுத்துப் போடுவதைத் தவிர மற்ற எல்லாமே என்னுடையதாக இருந்தது. என் பேர் எந்த ரிப்போர்ட்டிலும் வராது. ஆனால் எழுதினது யார் என்று இந்தப் பக்கத்துக் கான்ட்ராக்டர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

முறை என்னவென்று உனக்கே தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், நீ வேறு முறையை என்னிடம் கற்றுக்கொண்டாயே. மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து, கடைசிச் சல்லடையான எழுபத்தைந்து மைக்ரானில் போட்டு, கீழே விழுகிற தண்ணீர் தெளிகிறவரை கழுவ வேண்டும். கழுவலில் போனதுதான் களிமண்ணும் வண்டலும். மிஞ்சியதைக் காயவைத்து, எடை போட்டு, அப்புறம்தான் சல்லடை அடுக்கில் கொட்டிச் சலிக்க வேண்டும். ஒரு சாம்பிளுக்கு எட்டுப் பத்துக் குடம் தண்ணீர் பிடிக்கும். பங்குனி பிறந்தால் நம் லேப் போர்வெல் காற்றைத்தான் கக்கும். குடிக்கவே கேன் வாங்குகிற காலத்தில் மண்ணைக் குளிப்பாட்ட யார் தண்ணீர் தருவார்கள்? அதனால் கோடையில் கழுவுவதில்லை. அப்படியே உலர்ந்த மண்ணைச் சலித்துவிட்டு, எல்லாச் சல்லடைக்கும் கீழே அடித்தட்டில் விழுந்த கணக்கோடு மூன்று சதவீதம் கூட்டிக்கொள்வோம். அதற்குக் "கழுவல்" என்று பேர் வைத்திருந்தோம். "கழுவல் போட்டாச்சா?" என்று சார் கேட்பார், போட்டாச்சு என்பேன். அவ்வளவுதான்.

அந்த மூன்று நான் கண்டுபிடித்தது. வாயில் வந்த எண் இல்லை அது. ஒரு ஐப்பசி முழுக்க, ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராவலையும் சின்னசேலம் பக்கத்து ஏரி மண்ணையும் கழுவியும் சலித்தேன், கழுவாமலும் சலித்தேன். வித்தியாசம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலேயே நின்றது. சார் அசந்துபோனார். "அக்கா கை வெச்சா சரியாதான் இருக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சமவெளி மண்ணுக்கு நான் போட்ட கணக்கு எல்லா ஊர் மண்ணுக்கும் பொருந்தும் என்று எப்போது நினைக்க ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. ரிப்போர்ட்டில் முறை என்ற இடத்தில் "நீரில் கழுவிச் சலித்தது" என்று அச்சடித்தே வரும். கோடையில்கூட அந்த வரியை நான் ஒரு தடவையும் கோடு போட்டு அடிக்கவில்லை. மூன்றைக் கூட்டினேன், கூட்டியதை எழுதவும் இல்லை.

இப்போது அந்த ரோடு. கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊருக்குப் புதுச் சாலை போட்டார்கள், நினைவிருக்கிறதா? அடியில் கொட்டுகிற கிராவலை மலையிலேயே ஒரு குழியில் வெட்டி எடுத்தார்கள். சாம்பிள் நம் லேப்புக்கு வந்தது. வைகாசி மாதம், தண்ணீர் இல்லை. கழுவாமல் சலித்தேன். எழுபத்தைந்து மைக்ரானுக்குக் கீழே ஆறு வந்தது. கழுவல் மூன்று போட்டேன், ஒன்பது. பத்துக்குள் இருந்தால் போடலாம் என்பது அந்த வேலைக்கு வைத்திருந்த விதி. ஒன்பது என்று எழுதினேன், சார் கையெழுத்துப் போட்டார், லோடு ஏறியது. யாரும் எனக்கு எதுவும் தரவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு டீகூட யாரிடமும் குடிக்கவில்லை என்பதை இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். காசு வாங்காதவள் தப்பு செய்ய மாட்டாள் என்று ஒரு நினைப்பு.

அதற்கு இரண்டு மழைக்காலம் கழித்து நீ காலேஜ் கடைசி வருஷத்தில் இருந்தாய். புராஜெக்ட்டுக்கு மலை மண் என்று சொன்னபோது, உன் அம்மா வேலையையே எடுத்துக்கொண்டாயே என்று எவ்வளவு பூரித்தேன் தெரியுமா? லேப்பில் பழசான சல்லடை அடுக்கு ஒன்றை நான்தான் கேட்டு வாங்கி வந்து கொடுத்தேன். நீ நம் வீட்டுப் பின்பக்கத்தில், துணி துவைக்கிற கல் பக்கத்தில் உட்கார்ந்து கழுவினாய். அன்றைக்கு நான் வாசல்படியில் அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தேன். ஆறாவது குடம் ஊற்றியும் தண்ணீர் சிவப்பாகவே போய்க்கொண்டிருந்தது. வாய்க்காலில் போகிற அந்தச் சிவப்பைப் பார்த்தேன். அது எந்தக் குழி மண் என்று உன்னைக் கேட்டேன். நீ சொன்னாய். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, தம்பி. இத்தனை நாள் உன்னிடம் மறைத்தது இதைத்தான். நீ தப்பாகச் செய்கிறாய் என்று நான் நம்பித்தான் பேசினேன் என்று நீ இன்னும் நினைத்துக்கொண்டிருப்பாய். நம்பவில்லை. மலைக் கல்லின் மேல் களி மெழுகின மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது, உலர்ந்த நிலையில் எவ்வளவு ஆட்டினாலும் அது பிரியாது, கல்லோடு சேர்ந்து மேல் சல்லடையிலேயே நின்றுவிடும். தண்ணீர் பட்டால்தான் பிரியும். அவரைக்காயைக் கையில் வைத்துக்கொண்டே இதையெல்லாம் புரிந்துகொண்டேன்.

நான்கு நாள் கழித்து நீ தாளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாய். "ம்மா, இருபத்தேழு வருதும்மா. மூணு வாட்டி பண்ணிட்டேன்" என்றாய். உன் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். அந்த ரோடு ஏன் மழையில் இளகுகிறது என்று கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாய். என் ரிப்போர்ட் என்று உனக்குத் தெரியாது. நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை. "உனக்குச் சல்லடை புடிக்கத் தெரியல, அவ்ளோதான். அந்தத் தேய் தேய்ச்சா கல்லுகூடத் தூளாதான் வரும்" என்றேன். அப்புறம் பீரோவைத் திறந்து ரிப்போர்ட் நகலை எடுத்து உன் முன்னால் போட்டேன். ஒன்பது. உன் அப்பா கரும்பு லோடு இறக்கிவிட்டு அப்போதுதான் வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். "புள்ள மூணு வாட்டி செஞ்சிருக்கான். நீ ஒரு வாட்டி செஞ்சு பாரேன்" என்றார். நீங்கள் கரும்பைப் பாருங்கள், மண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் வாயை அடைத்தேன். நீ அந்த ரிப்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய். "அப்ப நான்தான் எங்கியோ தப்பு பண்ணிக்கினு இருக்கேன் போலம்மா" என்றாய்.

அதோடு விட்டிருந்தாலாவது எனக்கு ஒரு மன்னிப்பு இருந்திருக்கும். மறுநாள் ஒப்படைக்க வேண்டும் என்று நீ தவித்தபோது, நானே உன் பக்கத்தில் உட்கார்ந்து எடைகளைச் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். கடைசியில் ஒன்பது வருகிற மாதிரி மேலிருந்து கீழே எடைகளை இறக்கினேன். "எல்லாத்தையும் சுத்தமா சைபர்ல முடிக்காத. ஒண்ணு ரெண்டு ஒத்தப்படையா வரட்டும். பாக்கறவங்களுக்கு நெசமா எடை போட்ட மாதிரி இருக்கணும்" என்று சொன்னேன். இதை ஒரு அம்மா தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கூட்டல் இடித்தால் அடித்தட்டில் சேர்த்து நூறாக்கிவிடு என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னேன். நீ நல்ல மார்க் வாங்கினாய். கோயிலுக்குப் போய் நான் அர்ச்சனை செய்தேன். நீ உன் கண்ணால் பார்த்ததை உன் கையாலேயே மாற்றி எழுத வைத்துவிட்டு, அதற்கு அர்ச்சனை.

ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்ததைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை உன் அப்பாவிடம், மலைக்குப் போக வேண்டும், வண்டியை எடுங்கள் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, காலிச் சாக்கு ஒன்றை மடித்து வண்டிப் பெட்டியில் வைத்தார். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. வெள்ளிமலை வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அந்த ஊர்ப் பிரிவில் திரும்பியதும் வண்டிச் சக்கரம் புதைந்தது. இறங்கி நடந்தோம். எதிரே ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். பஸ் எங்கே நிற்கும் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "போட்டப்ப நல்லாத்தாங்க இருந்துச்சு. மழ வந்தா கொழஞ்ச சோறாட்டம் ஆயிடுது. பஸ்ஸு பிரிவுலயே திரும்பிக்குது. மழ நாள்ல புள்ளைங்கள பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறதில்லீங்க. இன்னா மண்ணு போட்டாங்களோ" என்றாள். நடுவில் இரண்டு தடவை மேலே ஜல்லி கொட்டி ஒட்டுப் போட்டார்களாம், அதையும் அடிமண் விழுங்கிவிட்டதாம். நீங்கள் ரோட்டு ஆபீஸா என்று கேட்டாள். "இல்லம்மா, மண்ணு பாக்க வந்தேன்" என்றேன். இன்னா மண்ணு என்று எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் போன பிறகு உன் அப்பா குழியில் இறங்கிச் சாக்கை நிரப்பினார். கட்டிவிட்டு நிமிர்ந்து, "இப்பவாச்சும் வந்தியே" என்றார். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து, மண்ணைக் கொட்டிக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை எடுத்தேன். நீ உட்கார்ந்து கழுவிய அதே இடத்தில், நீ விட்டுப்போன அதே சல்லடையில் கழுவினேன். தோள்பட்டை வலியால்தான் சித்திரையில் வேலையை விட்டேன் என்பது உனக்குத் தெரியும், அதனால் நிறுத்தி நிறுத்தித்தான் முடிந்தது. பதினோரு குடம் சிவப்பாகவே போனது. பன்னிரண்டாவது குடத்தில்தான் தண்ணீர் தெளிந்தது. அன்றைக்கு ஆறாவது குடத்தோடு நான் கண்ணை எடுத்துக்கொண்டேன், நீ மீதியையும் ஊற்றியிருக்கிறாய். எவ்வளவு பொறுமை இருந்திருக்கிறது உனக்கு, அதை நான் கவனிக்கவே இல்லையே என்று குந்தியபடியே அழுதுவிட்டேன். கழுவி மிஞ்சியதைக் காயவைத்து, எடை போட்டு, சலித்து, கணக்குப் போட்டேன். இருபத்தொன்பது வந்தது.

அதை ரிப்போர்ட்டாகவே எழுதியிருக்கிறேன். நகல் இதோடு இருக்கிறது, படித்துப் பார். நீ சிரித்தாலும் சிரிப்பாய். "ஓவனில் உலர்த்தவில்லை, இரும்புச் சட்டியில் மெதுவான தீயில் உலர்த்தியது" என்று எழுதியிருக்கிறேன். "தராசு உரக்கடையில் இரவல் வாங்கியது, ஐந்து கிராமுக்குக் கீழே காட்டாது" என்று எழுதியிருக்கிறேன். சலித்து முடித்துக் கூட்டியபோது பத்து கிராம் குறைந்தது. எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. "பத்து கிராம் குறைவு" என்று ஒரு வரி போட்டு அப்படியே விட்டேன். முன்பெல்லாம் அந்தப் பத்தை எங்கேயாவது ஒளித்துவைப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று இருந்தேன். எடை குறைந்தால் சல்லடை கிழிந்திருக்கலாம், மண் சிந்தியிருக்கலாம், எழுதும்போது எண் மாறியிருக்கலாம். குறைந்தது என்று எழுதினால்தானே ஒருவன் போய்த் தேடுவான்? கிராஃபும் அப்படித்தான். கோடு ஓர் இடத்தில் படுத்துக்கொண்டால் அந்தப் பருமனில் கல்லே இல்லை என்று அர்த்தம், செங்குத்தாக ஏறினால் எல்லாம் ஒரே பருமன் என்று அர்த்தம். அழகாக வளைய வேண்டுமே என்று நான் எத்தனையோ கோடுகளைக் கையால் நீவிவிட்டிருக்கிறேன். ரிப்போர்ட்டைப் படிக்கிறவர் மண்ணைப் பார்க்கப் போவதில்லை, நாம் எழுதினதைத்தான் பார்ப்பார். அதை வைத்துத்தான் லாரி ஏறும்.

அந்த ரிப்போர்ட்டை இன்ஜினியர் சாரிடம் கொண்டுபோனேன். பழைய கதையை இப்போது எதற்குக் கிளறுகிறீர்கள், விடுங்கள் அக்கா என்றார். அவர் கெட்டவர் இல்லை, என் கையை நம்பினார், அவ்வளவுதான் அவர் செய்தது. விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கீழே என் பேரை எழுதி, கையெழுத்துப் போட்டு, சாலை போட்ட ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பழைய ரிப்போர்ட்டில் இருந்த ஒன்பது எப்படி வந்தது, மூன்றை யார் கூட்டியது என்று ஒரு கடிதமும் வைத்தேன். என்ன நடக்கும் என்று தெரியாது. ஒன்றும் நடக்காமல் போகலாம், யாராவது வந்து கேட்கவும் செய்யலாம். கேட்டால் சொல்வேன். இத்தனை வருஷ வேலையில் நான் கையெழுத்துப் போட்ட முதல் ரிப்போர்ட் அதுதான்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன வாரம் நூறாக்கி அனுப்பினாயே, அந்தச் சாம்பிளில் மீதி இன்னும் உங்கள் லேப்பில் இருக்கும். அதை எடுத்துத் திரும்பச் சலி. என்ன வருகிறதோ அதை எழுதி, முன்னால் அனுப்பியது சரியில்லை என்று சொல்லி அனுப்பு. உன் கையெழுத்து ஆரம்பிப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடு. மேலே இருக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், அந்தப் பதவி தள்ளிக்கூடப் போகலாம். தள்ளிப்போனால் போகட்டும் என்று எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னால் நீ ஒரு தடவை மாற்றி எழுதினாய், இரண்டாவது தடவை அதை உன் திறமை என்று நினைத்துச் சிரித்தாய். மூன்றாவது தடவை சிரிக்கக்கூடத் தோன்றாது, எனக்கு அப்படித்தான் ஆனது. உனக்கு அது வேண்டாம். என்னை மன்னிக்கிறாயா என்று கேட்க மாட்டேன், அதை நீ உன் நேரத்துக்குச் சொல்.

அன்றைக்கு நீ கொண்டுவந்த முதல் தாளை நான் கிழிக்கவில்லை. கிழிக்கத்தான் எடுத்தேன், ஏனோ பீரோவில் என் முகூர்த்தப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். அதையும் இதோடு அனுப்புகிறேன். மடிப்பில் கொஞ்சம் பழுத்திருக்கிறது, உன் எழுத்து நன்றாகவே தெரிகிறது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன்னுடையது இருபத்தேழு, என்னுடையது இருபத்தொன்பது. நகல் எழுதும்போது பழக்கதோஷத்தில் என் கை ஒன்பதை ஏழாக்கத்தான் போனது. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் அன்றைக்கு நீ சொன்னது சரிதான் என்பது இன்னும் அழகாகத் தெரியுமே என்று ஒரு ஆசை. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், தம்பி. எனக்கு வந்தது இருபத்தொன்பதுதான்.

உன் அம்மா